யாருக்குப் பழகியது?

கிளை நூலகத்தில் வாசகர் வட்டக் கூட்டம். முப்பது நாற்காலிகளில் பாதிக்கு மேல் நிறைந்திருந்தன. ‘நுண்ணுயிர் எதிர்ப்பு: காத்திருக்கும் ஆபத்து’ என்று வாசலில் எழுதி வைத்திருந்தார்கள். நானும் அதே தலைப்பில் முக்கால் மணி நேரம் பேசினேன். இறப்புக் கணக்கு, மருந்துகளின் பெயர்கள், ஆய்வுகள் நடந்த ஆண்டுகள் என்று எதையும் விடவில்லை. பேசி முடித்ததும் முன்வரிசையில் இருந்த பாட்டி ஒருவர் எழுந்தார். மஞ்சப்பைக்குள் கைவிட்டு, மெடிக்கலில் மாத்திரை போட்டுத் தரும் சின்னக் காகிதக் கவர் ஒன்றை எடுத்து உயர்த்திக் காட்டினார்.

“தம்பி சொன்னது அத்தனையும் உண்மை. எனக்கு இந்த மாத்திரை பழகிடுச்சு. முன்னெல்லாம் ஒண்ணு போட்டா நிக்கும். இப்ப ரெண்டு போட்டாத்தான் கேக்குது. உடம்புக்குப் பழகிடக் கூடாதேன்னு, கொஞ்சம் தேவலைன்னு ஆனதும் நிறுத்திடுவேன்.”

சுற்றிலும் பலர் தலையசைத்தார்கள். என் பேச்சை முழுமனதோடு ஏற்றுக்கொண்டு, நான் சொல்ல வந்ததற்கு நேர் எதிரான ஒன்றை அவர் புரிந்துகொண்டிருந்தார். பழகியது அவர் உடம்புக்கு என்று அவர் நினைத்தார். நான் பேசியதோ கிருமிகளைப் பற்றி. முக்கால் மணி நேரத்தில் இந்த ஒரு எழுவாயை நான் அவரிடம் கொண்டுசேர்க்கவில்லை.

உயிரியலைப் பொதுமக்களுக்குச் சொல்வதில் உள்ள சிரமம் எது என்று கேட்டால், தகவல் போதாமை என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றுவதில்லை. யார் என்ன செய்தது என்பதைச் சொல்லும் வாக்கியம் சரியாக அமைந்துவிட்டால் குறைந்த தகவலே போதும். அது தவறிவிட்டால் எத்தனை புள்ளிவிவரம் கொட்டினாலும் தவறான இடத்தில்தான் போய் ஒட்டிக்கொள்ளும்.

இது நம்மூரோடு நிற்கிற சிக்கலும் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2015இல் இந்தியா உட்பட 12 நாடுகளில் ஏறத்தாழ 10,000 பேரிடம் ஆன்டிபயாடிக் மருந்துகள் பற்றிக் கேட்டது. உடம்பு மருந்துக்கு எதிர்ப்பை வளர்த்துக்கொள்வதால்தான் இந்தச் சிக்கல் வருகிறது என்று 76 சதவீதம் பேர் சொன்னார்கள். அடிக்கடி ஆன்டிபயாடிக் எடுப்பவர்களுக்கு மட்டும்தான் இது பிரச்சினை என்று 44 சதவீதம் பேர் நினைத்தார்கள். நூலகத்தில் தலையசைத்தவர்கள் உலகத்தோடு சேர்ந்துதான் தலையசைத்தார்கள்.

அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. உடம்புக்குப் பழகுவது என்பது பொய்யே அல்ல. தினமும் காபி குடிப்பவருக்கு ஒரு டம்ளர் உறைக்காது. தூக்க மாத்திரையை மாதக்கணக்கில் போட்டவருக்குப் பழைய அளவு போதாமல் போகும். சாராயம் குடிப்பவரின் கல்லீரல் அதை வேகமாக உடைக்கக் கற்றுக்கொள்கிறது. மூளையும் அதற்கேற்பத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. இவை எல்லாம் நம் உடம்பின் மீது வேலை செய்யும் பொருட்கள். உடம்பும் பதிலுக்கு ஏதோ செய்கிறது. இதைக் கண்ணால் பார்த்த மக்கள் ஆன்டிபயாடிக்கையும் அதே கணக்கில் சேர்த்துவிட்டார்கள். அனுபவத்திலிருந்து எடுத்த நியாயமான முடிவுதான். ஆனால் இந்த மருந்து வகைக்கு அது பொருந்தாது.

ஏன் பொருந்தாது? பென்சிலினை எடுத்துக்கொள்வோம். பாக்டீரியாவைச் சுற்றி உறுதியான சுவர் ஒன்று உண்டு. பாக்டீரியா வளரும்போது அந்தச் சுவரை விரித்துக் கட்டிக்கொண்டே போகவேண்டும். கட்டும் வேலையைச் செய்யும் நொதியைப் பென்சிலின் பிடித்து முடக்கிவிடுகிறது. சுவர் பலவீனமாகி பாக்டீரியா வெடித்துச் சாகிறது. மனித செல்லுக்கு இப்படிச் சுவர் கிடையாது. ஆகவே பென்சிலினுக்கு நம் செல்லில் வேலை இல்லை. நம் உடம்பு அதற்குப் பழகிக்கொள்வதற்கும் ஒன்றும் இல்லை. மருந்துக்கும் கிருமிக்கும் இடையில் நடக்கும் சண்டைக்கு நம் உடம்பு களம்.

எழுவாய் மாறினால் நடத்தையும் மாறும். உடம்புக்குத்தான் பழகுகிறது என்று நம்புகிறவர், ‘நான் மாத்திரையே போடுவதில்லை, எனக்குப் பயமில்லை’ என்று நிம்மதியாக இருப்பார். ஆனால் மருந்துக்கு அடங்காத கிருமி பக்கத்துப் படுக்கைக்காரரிடமிருந்து வரலாம், கைகழுவாத கையிலிருந்து வரலாம், குடிநீரிலிருந்து வரலாம். கோழிக்கும் மாட்டுக்கும் கொடுக்கும் மருந்தைப் பற்றி அவருக்குக் கவலை எழவே எழாது. கோழியின் உடம்புக்குப் பழகினால் நமக்கென்ன? கோலிஸ்டின் என்ற மருந்து, மற்ற எதற்கும் அடங்காத தொற்று வந்த நோயாளிக்குக் கடைசியாகக் கொடுப்பது. கால்நடைத் தீவனத்தோடு அதைக் கலந்து கொடுக்கும் வழக்கம் இருந்து, மத்திய அரசு 2019இல் அதைத் தடை செய்தது. இந்தத் தடையின் நியாயம், கிருமியை எழுவாயாக வைத்துப் பார்க்கும் ஒருவருக்கு மட்டுமே விளங்கும்.

இனி நம் சொற்களுக்கு வருகிறேன். அன்று இரவு வீட்டுக்கு வந்து என் குறிப்புகளைப் புரட்டியபோது ஒன்று உறைத்தது. ‘நோய் எதிர்ப்பு’ என்று எழுதியிருந்தேன். அது நல்லது, உடம்பிடம் இருப்பது. ‘எதிர்ப்பொருள்’ என்று எழுதியிருந்தேன். அதுவும் நல்லது, நம் இரத்தத்தில் உருவாவது. ‘நுண்ணுயிர் எதிர்ப்பி’ என்றால் மருந்து. ‘நுண்ணுயிர் எதிர்ப்பு’ என்றால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்காமல் போவது. ஒரே வேர்ச்சொல் நான்கு வேலை பார்க்கிறது. அதில் மூன்று நமக்குச் சாதகம், ஒன்று பாதகம். ‘நுண்ணுயிர் எதிர்ப்பு வளர்கிறது’ என்று மேடையில் ஒருவர் சொன்னால், நுண்ணுயிரை நாம் எதிர்க்கிறோமா, நுண்ணுயிர் நம்மை எதிர்க்கிறதா என்று கேட்பவர் எப்படிப் பிரிப்பார்? நாளெல்லாம் நோய் எதிர்ப்பு சக்தி பற்றிய விளம்பரம் கேட்கும் காதுக்கு, எதிர்ப்பு வளர்வது நல்ல செய்தியாகவே படும்.

இலங்கைப் பாடநூல்களில் நோய் எதிர்ப்புக்கு ‘நிர்ப்பீடனம்’ என்றும், எதிர்ப்பொருளுக்குப் ‘பிறபொருளெதிரி’ என்றும் வழங்குகிறார்கள். நமக்குச் சற்றுக் கரடுமுரடாகத் தெரியும் இந்தச் சொற்களால் ஒரு பெரிய லாபம் உண்டு: உடம்பிடம் இருப்பதும் கிருமியிடம் இருப்பதும் ஒரே பெயரில் வந்து மோதுவதில்லை. கலைச்சொல் எளிமையாக இருக்கவேண்டும் என்று நாம் பெரும்பாடு படுகிறோம். குழப்பாமல் இருக்கவேண்டும் என்பதையும் அதே அளவுக்குப் பார்த்திருக்கலாம்.

‘கிருமி’யிலும் ஒரு வம்பு இருக்கிறது. வைரஸும் கிருமி, பாக்டீரியாவும் கிருமி. சாதாரணச் சளியும் ஃப்ளூவும் வைரஸால் வருபவை. வைரஸுக்குச் செல் சுவர் கிடையாது, பென்சிலின் தாக்கும் எந்த உறுப்பும் கிடையாது. அதே 2015 ஆய்வில் 64 சதவீதம் பேர் சளிக்கும் ஃப்ளூவுக்கும் ஆன்டிபயாடிக் கேட்கும் என்று சொன்னார்கள். கிருமிக்கொல்லி என்று பெயர் வைத்துவிட்டு, இந்தக் கிருமியைக் கொல்லாது என்றால் யார் நம்புவார்கள்?

ஆனால் நம் பேச்சு வழக்கில் அருமையான ஒரு சொல் தயாராக இருக்கிறது. ‘அந்த டாக்டர் மருந்துதான் எனக்குக் கேக்கும்’, ‘இருமல் எந்த மருந்துக்கும் கேக்கல’ என்று எல்லோரும் சொல்கிறோம். சொன்ன பேச்சைக் கேட்காத பிள்ளையைப் போல, மருந்தின் பேச்சைக் கேட்காத நோய். இந்த வழக்கில் கேட்பதும் கேட்காததும் நோயின் பக்கம்தான் இருக்கிறது. எழுவாய் ஏற்கெனவே சரியான இடத்தில் உட்கார்ந்திருக்கிறது! ‘மருந்துக்குக் கேட்காத கிருமி’ என்றால் பாட்டிக்கும் விளங்கும், பேராசிரியரும் குறை சொல்ல முடியாது. இங்கிலாந்தின் வெல்கம் அறக்கட்டளை 2019இல் ஆங்கிலத்தில் இதே சொற்சிக்கலை ஆராய்ந்து, ‘மருந்துக்கு அடங்காத தொற்று’ என்ற பொருள் தரும் தொடரைப் புழங்கச் சொன்னது. நம்மிடம் அது தெருவிலேயே கிடக்கிறது.

எழுவாய் சரியானதும் அடுத்த கேள்வி வரும்: கிருமி எப்படிக் கேட்காமல் போகிறது? ‘கிருமிக்குப் பழகிவிட்டது’ என்று சொன்னால் போதுமா?

இந்தக் கேள்விக்கு முதலில் சரியான சோதனை செய்தவர்களில் ஒருவர் சால்வடோர் லூரியா. இத்தாலியிலிருந்து தப்பி அமெரிக்கா வந்து இண்டியானா பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தவர். அவர் வளர்த்தது பாக்டீரியாக்களை. அவற்றின் மீது விட்டது, பாக்டீரியாக்களையே தாக்கிக் கொல்லும் வைரஸ்களை. எல்லாம் செத்த பின்னும் சில பாக்டீரியாக்கள் தப்பிப் பிழைக்கும். வைரஸைச் சந்தித்த பிறகு அவை தற்காத்துக்கொள்ளப் பழகினவா, அல்லது சந்திப்பதற்கு முன்பே அப்படித்தான் இருந்தனவா? 1943இன் தொடக்கத்தில், பல்கலைக்கழக ஆசிரியர்களின் நடன விருந்து ஒன்றில், சக ஆசிரியர் ஒருவர் காசு போட்டு இழுக்கும் சூதாட்ட இயந்திரத்தில் விளையாடிக்கொண்டிருப்பதை லூரியா பார்த்தார். அவர் காசு தொலைப்பதைக் கிண்டல் செய்துகொண்டிருந்தபோதே இயந்திரம் காசை அள்ளிக் கொட்டியது. பெரும்பாலும் ஒன்றும் வராது, எப்போதாவது குவியலாக வரும். லூரியாவுக்குப் பொறி தட்டியது அங்கேதான்.

சோதனை எளிமையானது. ஒரே மாதிரியான பல சின்னக் குழாய்களில் சில பாக்டீரியாக்களைத் தனித்தனியே வளர விட்டார். பிறகு ஒவ்வொரு குழாயையும் வைரஸ் பூசிய தட்டில் கொட்டி, பிழைத்தவற்றை எண்ணினார். வைரஸைச் சந்தித்த பிறகுதான் பழகுகின்றன என்றால், எல்லாத் தட்டிலும் ஏறத்தாழ ஒரே எண்ணிக்கை வரவேண்டும். வந்ததோ வேறு. பல தட்டுகளில் ஒன்றுமே இல்லை, சிலவற்றில் ஒன்றிரண்டு, ஏதோ ஒன்றில் மட்டும் கொத்தாக. சூதாட்ட இயந்திரம்! அந்தக் குழாயில் வெகு முன்னதாகவே, வைரஸின் நிழல்கூடப் படாத காலத்தில், ஏதோ ஒரு பாக்டீரியாவுக்கு நகலெடுக்கும்போது பிழை நேர்ந்திருக்கிறது. அது மகன், பேரன், கொள்ளுப்பேரன் என்று பெருகியிருக்கிறது. கடைசித் தலைமுறையில் பிழை நேர்ந்த குழாயில் ஒன்றோ இரண்டோதான். ஜெர்மனியில் பிறந்த இயற்பியலாளர் மாக்ஸ் டெல்ப்ரூக் இதற்குக் கணிதம் அமைத்துக் கொடுத்தார். இருவருக்கும் 1969இல் நோபல் பரிசு கிடைத்தது.

கணிதம் பிடிக்காதவர்களுக்கு விஸ்கான்சினில் எஸ்தர் லெடர்பர்க்கும் ஜோஷுவா லெடர்பர்க்கும் 1952இல் வெளியிட்ட சோதனையைச் சொல்வேன். ஒரு தட்டு நிறைய பாக்டீரியா வளர்ந்திருக்கிறது. வெல்வெட் துணியை அதன் மேல் அழுத்தி எடுத்தார்கள். துணியின் நுண்ணிழைகளில் ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் சில பாக்டீரியாக்கள் ஒட்டிக்கொண்டன. அந்தத் துணியை, ஸ்ட்ரெப்டோமைசின் கலந்த வேறு தட்டுகளில் ரப்பர் முத்திரை குத்துவது போலக் குத்தினார்கள். குத்திய தட்டுகள் எல்லாவற்றிலும் அதே இடத்தில் மருந்துக்குக் கேட்காதவை முளைத்தன. அப்படியானால் முதல் தட்டிலும் அந்த இடத்தில் அவை இருந்தாகவேண்டும். மருந்தே படாத அந்த முதல் தட்டில் அதே இடத்திலிருந்து எடுத்து, மறுபடி மறுபடி இப்படியே வளர்த்துப் பிரித்துச் சோதித்தார்கள். ஒருமுறைகூட மருந்தைக் காணாத பரம்பரையிலிருந்து, மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்கள் கிடைத்தன.

எண்ணிக்கையை நினைத்துப் பார்த்தால் இதில் அதிசயம் இல்லை. நல்ல சூழலில் ஈ. கோலை பாக்டீரியா 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும். ஒன்று இரண்டாகி, நான்காகி, 30 முறை இரட்டித்தால் 107 கோடி. தடையில்லாமல் பெருகினால் அதற்கு 10 மணி நேரம் போதும். இரவு படுத்து காலையில் எழுவதற்குள். ஆயிரம் முறை நகலெடுத்தால் ஒரு பிழை என்று தோராயமாக வைத்துக்கொண்டாலும், விடிவதற்குள் பத்து லட்சம் பிழைகள். பெரும்பாலானவை பயனற்றவை. ஏதோ ஒன்று, மருந்து வந்து ஒட்டும் இடத்தின் வடிவத்தை லேசாக மாற்றிவிடும். மருந்து வராதவரை அந்தப் பிழைக்கு மதிப்பில்லை. மருந்து வந்ததும் கேட்பவை சாகின்றன, கேட்காதது மிஞ்சுகிறது. காலியான இடம் முழுக்க இனி அதன் பரம்பரைதான்.

ஆகவே ‘கிருமிக்குப் பழகிவிட்டது’ என்பதும் முழு உண்மை ஆகாது. எந்த ஒரு கிருமியும் பழகவில்லை. மருந்துக்குக் கேட்ட கோடானுகோடி செத்துப்போயின. அலெக்ஸாண்டர் ஃப்ளெமிங்கே இந்த இடத்தில் சொல்லில் வழுக்கினார். 1945 டிசம்பர் 11 அன்று ஸ்டாக்ஹோமில் தன் நோபல் உரையை முடிக்கும்போது அவர் ஒரு குட்டிக்கதை சொன்னார். தொண்டைப் புண் வந்த ஒருவர் கடையில் தானே பென்சிலின் வாங்கிக் குறைவாகப் போட்டுக்கொள்கிறார், கிருமிகள் சாகவில்லை, மருந்தைத் தாங்கக் கற்றுக்கொள்கின்றன, அவை அவர் மனைவிக்குத் தொற்றி நிமோனியாவாகின்றன, மருத்துவர் கொடுக்கும் பென்சிலின் கேட்கவில்லை, மனைவி இறந்துபோகிறார். மருந்து கடைகளில் தாராளமாகக் கிடைக்கும் காலம் வரும் என்று நினைத்து முன்கூட்டியே சொன்ன கதை இது. குற்றம் செய்தவர் ஒருவர், இறந்தவர் வேறொருவர் என்று கதையை அமைத்தாரே, அதில்தான் அவருடைய ஆழ்ந்த புரிதல் இருக்கிறது. உடம்புக்குப் பழகும் என்ற எண்ணத்தை அந்த ஒரு திருப்பம் உடைத்துவிடுகிறது. ஆனால் கிருமிக்குப் பாடம் சொல்லிக்கொடுப்பதாக அவர் போட்ட வினைச்சொல், கிருமி உட்கார்ந்து கற்பது போன்ற படத்தையும் கூடவே தந்துவிட்டது. இன்னொன்றையும் சொல்லவேண்டும். அவர் கதையில் வரும் தொண்டைப் புண் கிருமியான ஸ்ட்ரெப்டோகாக்கஸ், எண்பது ஆண்டுகள் கழித்தும் பென்சிலினுக்குக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. எந்தக் கிருமி எப்போது அடங்காமல் போகும் என்பதை நீதிக்கதையால் கணிக்க முடியாது.

கிருமி கற்பதில்லை, கேட்காதது மிஞ்சுகிறது என்பதை எனக்குத் தெரிந்து மிகச் சிறப்பாகச் சொன்னது ஒரு தட்டு. ஹார்வர்டு மருத்துவப் பள்ளியிலும் இஸ்ரேலின் டெக்னியனிலும் ராய் கிஷோனியின் குழு 2016இல் வெளியிட்டது. 2011இல் ‘கன்டேஜியன்’ திரைப்படத்துக்கு விளம்பரப் பலகை ஒன்றில் பாக்டீரியாவையும் பூஞ்சையையும் வளர்த்தே பெயர் எழுதியிருந்தார்கள். அதைப் பார்த்த கிஷோனிக்கு யோசனை பிறந்தது. இரண்டடிக்கு நான்கடி, சாப்பாட்டு மேசை அளவில் ஒரு தட்டு. கறுப்பு நிற ஊட்டக்கூழ். இரு ஓரங்களிலும் மருந்து இல்லை. உள்ளே போகப் போகப் பட்டை பட்டையாக மருந்தின் அளவு பத்து மடங்கு, நூறு மடங்கு என்று ஏறி, நடுவில் ஆயிரம் மடங்கு. ஓரத்தில் பாக்டீரியாவை விட்டுவிட்டு மேலே கேமராவை வைத்தார்கள்.

வெள்ளையாகப் படர்ந்து வரும் பாக்டீரியா முதல் எல்லைக்கு வந்ததும் கயிறு கட்டினாற்போல் நிற்கும். எல்லை நெடுகச் சுவர் போல் நிற்கும்போதே, ஓரிடத்தில் ஒரு புள்ளி தாண்டும். அந்தப் புள்ளியிலிருந்து விசிறி விரிவது போல வெள்ளை பரவும். இன்னும் சற்றுத் தள்ளி இன்னொரு விசிறி. அடுத்த எல்லையில் மறுபடி நிற்கும். மறுபடி ஏதோ ஒரு புள்ளி. ஏறத்தாழ 11 நாளில் நடுப்பட்டையும் வெள்ளை. காணொளியில் இதற்கு இரண்டு நிமிடம் ஆகிறது. எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதைப் போட்டுக் காட்டியபோது, இரண்டாவது எல்லையில் ஒரு சிறுமி எழுந்து வந்து திரையில் விரல் வைத்து, “எல்லாம் தாண்டல சார், இந்த ஒண்ணோட புள்ளைங்கதான் தாண்டுது” என்றாள். லூரியாவின் கணிதம் முழுக்க அந்த வாக்கியத்தில் இருந்தது. நான் ஒரு வார்த்தையும் சொல்லியிருக்கவில்லை.

தட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. கிருமிகள் பரம்பரையாக மட்டும் இதைப் பெறுவதில்லை. பிளாஸ்மிட் என்ற சின்ன டி.என்.ஏ. வளையத்தை ஒரு பாக்டீரியா பக்கத்தில் இருக்கும் இன்னொன்றுக்கு, வேறு இனமாக இருந்தாலும், கொடுத்துவிடும். நாம் கைமாற்று கொடுப்பது போல; ஆனால் நகலெடுத்துக் கொடுப்பதால் கொடுத்தவரிடம் குறைவதில்லை.

இந்தக் கைமாற்றின் கதையில் சென்னைக்கும் பங்குண்டு. டெல்லியில் சிகிச்சை பெற்றுத் திரும்பிய ஸ்வீடன் நோயாளி ஒருவரிடம் 2008இல் ஒரு பாக்டீரியா கிடைத்தது. அதனிடம் இருந்த நொதி, கார்பபெனெம் என்ற உயர்ரக மருந்தின் நான்கு அணு வளையத்தை வெட்டிச் செயலிழக்கச் செய்தது. அந்த நொதிக்குப் புது டெல்லியின் பெயரை வைத்து என்.டி.எம்.-1 என்றார்கள். சென்னைப் பல்கலைக்கழகத்தின் கார்த்திகேயன் குமாரசாமியை முதல் ஆசிரியராகக் கொண்டு 2010இல் வெளிவந்த ஆய்வு, சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 பாக்டீரியா மாதிரிகளில் இது இருப்பதாகச் சொன்னது. நாடு கொதித்தது, பெயருக்காக. மருத்துவச் சுற்றுலாவுக்கு எதிரான சதி என்றார்கள். பெயர் வைத்த விதம் தவறு என்று ஆய்விதழின் ஆசிரியரே 2011இல் வருத்தம் தெரிவித்தார். இடப்பெயரை நோய்க்குச் சூட்டாதீர்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் நெறிமுறையும் வகுத்தது. பெயர் பற்றிய கோபம் நியாயமானதுதான். ஆனால் 2011இல் வந்த அடுத்த ஆய்வு, டெல்லியில் 50 குழாய்த் தண்ணீர் மாதிரிகளில் 2இலும், தெருவில் தேங்கிய நீரின் 171 மாதிரிகளில் 51இலும் அந்த மரபணு இருப்பதைக் காட்டியபோது, அதே அளவு கோபம் தண்ணீருக்காக எழவில்லை. பெயரில் இருந்த ஒரு சொல் பொருளை முழுக்க மறைத்துவிட்டது. 2012இல் மருத்துவர்கள் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக் பயன்பாட்டை நெறிப்படுத்தச் ‘சென்னைப் பிரகடனம்’ வெளியிட்டது ஆறுதலான செய்தி.

‘கோர்ஸை முடியுங்கள்’ என்பதைப் பற்றி ஒரு வார்த்தை. பாட்டி பாதியில் நிறுத்துவதைக் கேட்டதும் இதைச் சொல்லத்தான் என் வாய் துடித்தது. ஆனால் இது எல்லா நோய்க்கும் பொருந்தும் விதி இல்லை. பிரிட்டிஷ் மருத்துவ ஆய்விதழில் 2017இல் வல்லுநர்கள் சிலர், பல தொற்றுகளுக்கு நீண்ட கோர்ஸ் தேவை என்பதற்குச் சான்று போதாது என்று எழுதினார்கள். குடலிலும் தோலிலும் நமக்குத் தொல்லை தராமல் வாழும் பாக்டீரியாக்களையும் மருந்து சலித்தெடுக்கிறது. நாள் கூடக் கூட அங்கே கேட்காதவை மிஞ்சுகின்றன. மறுபக்கம் காசநோய். அங்கே பல மருந்துகளை ஒன்றாகச் சேர்த்து ஆறு மாதம் கொடுப்பதே, ஒன்றுக்குக் கேட்காத கிருமியை மற்றொன்று கொல்லட்டும் என்றுதான். அதைப் பாதியில் விடுவது ஆபத்து. எத்தனை நாள் என்பதை நோய்க்கேற்ப மருத்துவர் சொல்லவேண்டும். ஒரே வரியில் முழங்க இது வசதியாக இல்லை என்பதற்காக, வசதியான வரியைச் சொல்லிவிட்டு வர எனக்கு உரிமை இல்லை.

மத்திய அரசு 2016இல் ஒரு பிரச்சாரம் நடத்தியது. மாத்திரை அட்டையின் மீது சிவப்புக் கோடு இருந்தால் மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்காதீர்கள் என்பது செய்தி. படிக்கத் தெரியாதவருக்கும் கோடு தெரியும். நல்ல யோசனை. முழு அட்டையாக வாங்குகிறவர்களுக்கு.

நூலகத்துக்குத் திரும்புகிறேன். “உங்க உடம்புக்கு ஒண்ணும் பழகல பாட்டி” என்றேன். “மருந்துக்குக் கேக்குற கிருமியெல்லாம் செத்துப்போச்சு. கேக்காதது மிஞ்சிடுச்சு. இப்ப பெருகுறது அதோட வம்சம்.”

பாட்டி கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “களர்ல வெதச்ச மாதிரின்னு சொல்லு” என்றார். “மூட்டை வெதைய வீசுனாலும் பத்து தான் முளைக்கும். அந்தப் பத்தோட நெல்ல எடுத்து அடுத்த வருசம் வெதச்சா மொத்தமும் தாங்கும். அது உப்பைக் கத்துக்கல, அதோட சாதி அப்படி.”

லூரியா, லெடர்பர்க் எல்லோரையும் வயலில் நிறுத்திவிட்டார். களர் நிலத்து நெல் கைமாற்று கொடுப்பதில்லை. அதை இன்னொரு நாள் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். உட்காரப் போனவர் மறுபடி நிமிர்ந்தார்.

“அப்ப எங்கிட்ட மிஞ்சுனது என் பேத்திக்கு ஒட்டுமா? அவ இந்த மாத்திரையப் போட்டதே இல்லையே.”

“ஒட்டலாம் பாட்டி.”

உடம்புக்குப் பழகுகிறது என்றே நம்பியிருந்தால் அவருக்கு இந்தக் கேள்வி எழுந்திருக்காது. கையிலிருந்த கவரைப் பைக்குள் போடப் போனவர், நின்று, என்னிடம் நீட்டினார். “இதுல எது எதுன்னு பாத்துச் சொல்லுப்பா.”

உள்ளங்கையில் கொட்டினேன். கத்திரிக்கோலால் வெட்டிய நான்கு துண்டுகள். இரண்டில் பெயரே இல்லை. மூன்றாவதில் சிவப்புக் கோட்டின் ஒரு நகக்கண் அளவு. நான்காவதில் பெயரின் வால் மட்டும் தப்பியிருந்தது: ‘சிலின்’.